பாபிலோனும் எங்கள் பால்கனியும்

பள்ளிப்படிப்போடு நின்ற நான் பாபிலோனைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நார்த்மீட் புறநகரில் எங்கள் வாடகை வீட்டுப் பால்கனிக் கம்பி முழுக்க நான் செடித் தொட்டிகளைத் தொங்கவிட்டிருந்தேன். கம்பியில் எதையும் தொங்கவிடக் கூடாது என்று வீட்டு ஏஜென்ட் ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தார். மறுபடியும் பார்த்தால் வீட்டைக் காலிசெய்யச் சொல்வார். அதனால் அவர் வீட்டைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின மாலை எல்லாவற்றையும் கழற்றி கார் டிக்கியில் அடுக்கினோம்.

“அம்மா, பாபிலோன் தொங்கும் தோட்டம் இருந்த தடமே இன்னும் கிடைக்கலையாம்,” என்றாள் மகள், சிந்திய மண்ணைக் கூட்டியபடி.

“எப்படிக் கிடைக்கும்? ராஜா வாடகை வீட்ல இருந்திருப்பாரு, இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கும்,” என்றார் என் கணவர்.

“அந்த ராஜா பொண்டாட்டிக்காகத் தோட்டமே போட்டாராம். நீங்க ஒரு ஆணியாவது அடிச்சீங்களா?” என்றேன்.

அவர் அடுத்த தொட்டியைத் தூக்கினார்.

மறுநாள் ஏஜென்ட் வந்து, காலி பால்கனியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.