அகுஸ்தேன் அத்தானின் ரஷ்யப் பாட்டு

என் அக்காள் புருஷன் அகுஸ்தேன் காரைக்கால்காரர். சைகோனில் கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் வேலை. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டார். பாட ஆரம்பித்தாலோ மாதா கோயில் கண்ணாடிகள் அதிரும், அப்படியொரு கனத்த குரல். ஆனால் தாளம்? சுட்டுப்போட்டாலும் வராது. ஞாயிறு பூசையில் எந்த இடத்தில் பாட்டை எடுப்பது என்று தெரியாமல் விழிப்பார். முதல் பெஞ்சிலிருந்து அந்துவானேத் அக்காள் மோவாயைத் தூக்குவாள்; உடனே எடுத்துவிடுவார். ஊருக்கே தெரிந்த இந்த விஷயத்தை அவர் மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

சைகோன் கம்யூனிஸ்ட்டுகள் கைக்கு மாறிச் சில வருஷம் கழித்து, இங்கே ரஷ்யர்கள் வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில், இசைக் கல்லூரியில் ஓர் ஓப்பரா போட்டார்கள். ரஷ்யர்களின் பழைய காவியம் ஒன்றை முழுக்கப் பாட்டாகவே ஆக்கிய நாடகம். அதில் ஒரு கிழத் தளபதி வருகிறார். அந்தக் குரல் கல்லூரியில் யாருக்கும் இல்லை. கோயிலில் கேட்டவர் யாரோ சொல்லி, அத்தானைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. ரஷ்யச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, குளிக்கும்போதுகூட முழங்கினார்.

மேடையில் ஒரு சின்னப் பெண் அவருக்கு மனைவியாக வருகிறாள், அவள் கையைப் பிடித்து நடக்க வேண்டும் என்று தெரிந்ததும் அக்காள் பொங்கிவிட்டாள்.

“தல நரைச்ச வயசுல இதெல்லாம் தேவையா? நான் அந்தப் பக்கமே வரமாட்டேன், போங்க!”

அவள் வராததால், ஒத்திகைகளில் அத்தான் ஒருமுறைகூடச் சரியாக எடுக்கவில்லை. இசை நடத்துகிறவர் குச்சியை ஆட்டினால், அத்தானுக்கு ஈ ஓட்டுவதாகத்தான் பட்டது போலும். “முதல் ஆட்டத்திலும் தவறினால் வேறு ஆள்” என்று நாடகத்தைப் பழக்கிய ரஷ்ய வாத்தியாரம்மா சொல்லிவிட்டார். அத்தானுக்கு முகமே செத்துப்போயிற்று.

“இவோன், ஒன் அக்காள வரச் சொல்லேன்.”

“நீங்களே கூப்பிடுங்களேன் அத்தான்! வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவர் கூப்பிடவில்லை. எரிச்சலோடு நானே அக்காளிடம் போனேன்.

“அந்தப் பாட்டுல என்ன சொல்றாருன்னு தெரியுமா? இவ வந்த பொறவுதான் என் வாழ்க்கையில வெளிச்சமே வந்துச்சுன்னு பொண்டாட்டியப் பத்திப் பாடுறாரு.”

“எந்தப் பொண்டாட்டியப் பத்தி?” என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காயை நறுக்கினாள்.

முதல் ஆட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். தகரப் பதக்கங்கள் குலுங்க, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தான் வந்தார். வாத்தியம் தொடங்கியது. குச்சி ஆடியது. அவர் கண் முதல் வரிசையைத் துழாவியது. என் பக்கத்து நாற்காலி காலி.

அப்போது அவர் பார்வை சட்டென்று என் தலைக்கு மேலே போய் நின்றது. திரும்பினேன். கடைசி வரிசையில் அக்காள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். மோவாய் மேலே போனது.

அத்தான் எடுத்தார் பாருங்கள்! அந்தப் பெண்ணின் கையை விட்டுவிட்டு, முழுப் பாட்டையும் கடைசி வரிசையைப் பார்த்தே பாடினார். கைதட்டல் அடங்கவே இல்லை. வாத்தியாரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி எல்லா ஆட்டத்துக்கும் அந்தக் கடைசி வரிசை நாற்காலி அக்காளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல, “காப்பி இருக்கா?” என்றார் அத்தான்.

“நேத்து ரஷ்ய பாஷையில சொன்னதத் தமிழ்ல சொல்லுங்க. அப்பறம் காப்பி.”

அத்தான் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், காதுவரை சிவந்தார்.

“நீ இல்லாட்டி எனக்குப் பாட்டு எடுக்கவே வராது, அந்துவானேத்.”

அக்காள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, ரேஷனில் அளந்து தந்த சர்க்கரையைக் காப்பியில் அள்ளி அள்ளிப் போட்டாள்.