மியூசியத்துக்கு அளந்த வீடு

எங்கள் லயத்து வீட்டை மியூசியத்தில் வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்கு எட்டு வயது. வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நாங்கள் எங்கே படுப்பது என்பதுதான் என் முதல் கவலை.

டவுனில் இருந்த பழைய மியூசியத்தோடு சேர்த்துப் புதிதாக ஒரு கட்டடம் கட்ட இருந்தார்கள். அதை வடிவமைத்தவர் கொழும்பைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி ஒருவர், எங்கள் பேச்சில் நோனா. அவருக்குக் கீழே படம் வரைந்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தேயிலைத் தோட்டத்து மக்களுக்காக, அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் ஓர் அறையை அதே அளவில் அங்கே கட்டிக் காட்டுவதாகத் திட்டம். அளவெடுக்க மாமா கலவானைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார். அவர் பிறந்ததும் அதே வீட்டில்தான்.

அளக்க வருவதற்கு முதல் நாள் மாமா அம்மாவிடம் போனில் பேசினார். பிறகு அம்மா என்னிடம், "நாளைக்கு மாமாவ மாமான்னு கூப்புடாத. ஆபீஸ் ஐயாமார கூப்புடுற மாதிரி சேர்னு சொல்லு. அவரு லயத்துல பொறந்தவருன்னு அந்த நோனாவுக்குத் தெரியாதாம். நமக்கும் அவருக்கும் பழக்கமே இல்ல, என்ன?" என்றார். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவும் நோனாவும் வந்தபோது லயத்தில் மற்ற எல்லோரும் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். "வாங்க சேர்," என்றார் அம்மா. மாமா பழக்கதோஷத்தில் குனிந்து நுழைந்தார். நோனாவுக்குத்தான் நிலையில் தலை இடித்தது. அம்மா பதறிப்போய்த் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். அளவெடுக்கும்போது டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தபடி நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அளந்து முடித்ததும் கட்டிலில் புதுக் கட்டடத்தின் படத்தை விரித்தார்கள். எங்கள் அறை எங்கே வரும் என்று அம்மா கேட்டார்.

"பின்னால. கக்கூசுக்குப் பக்கத்துல," என்றார் மாமா.

"அங்கயும் பின்னுக்குத்தானா சேர்? முன்னுக்கு வைக்க ஏலாதுங்களா?"

தமிழ் தெரியாத நோனா, அம்மா என்ன சொல்கிறார் என்று மாமாவிடம் கேட்டார். மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களத்தில் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அக்கா என்று சொல்லிவிடலாம். ஆனால் மாமா, "மகே அக்கா," என்றார். என் அக்கா. முன்னால் வைக்க முடியாதா என்று என் அக்கா கேட்கிறார், நான் பிறந்த வீடு இது என்று சிங்களத்திலேயே சொல்லி முடித்தார்.

நோனா தன் பென்சிலை மாமாவிடம் நீட்டினார். மாமா பின்னாலிருந்த சதுரத்தை அழித்துவிட்டு, வாசலுக்கு நேரே வரைந்தார். இன்றும் அந்த அறை அங்கேதான் இருக்கிறது.

வேன் போனதும் நான் குதித்தேன். "மாமா தோத்துட்டாரு! நாந்தான் கடைசி வரைக்கும் சேர்னு சொன்னேன்!"

"ஆமாடி, தோத்துட்டான்," என்றார் அம்மா.

பின்னேரம் மலையிலிருந்து இறங்கி வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி நிறுத்தி, தம்பி வந்துபோன கதையைச் சொன்னார். தோற்றுப்போன ஒருவரைப் பற்றிச் சொல்ல அம்மாவுக்கு ஏன் அவ்வளவு பெருமை என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.