ஹெலி மைதானத்தில் நான் போட்ட செக்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துக் கொப்பியை எடுப்பதும், நாலு வரி எழுதிவிட்டுத் திரும்ப வைப்பதுமாகப் பல வருடம் போய்விட்டது. எழுதினால் என் பிழையை நானே ஊருக்குச் சொன்னதாகும். அந்த வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அழகாக எழுத வராது. இப்போது நம் பிள்ளைகள் ஹோட்டல், ஹெலி, படகு என்று புதுப்புது வேலைகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்காக, முருகனை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. செக்ரோல் கையும் புது ஃபோர்மும்

வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வந்து வரிசையாக நிற்பார்கள். பெயரைக் கூப்பிடுவேன். "இருக்கேங்க" என்று சத்தம் வந்ததும் செக்ரோலில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவேன். எங்கள் டிவிஷனில் அதற்குச் "செக் போடுறது" என்று பேர். செக் விழுந்தால் ஆள் வேலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் மலைக்குப் போய் என்ன செய்தார் என்பதற்கு வேறு புத்தகம், வேறு நேரம்.

பிறகு தோட்டத்தின் பழைய விளையாட்டு மைதானத்தை ஒரு கம்பெனி எடுத்தது. பங்களாக்களில் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்களைக் கொழும்பிலிருந்து ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கும் கம்பெனி. மைதானத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் தேவை என்றார்கள். நான் சேர்ந்தேன். மாட்டை விரட்டுவது, காற்றுத் திசை காட்டும் பையைக் கட்டுவது, தீயணைப்புக் குழாயோடு நிற்பது, பீப்பாவிலிருந்து கைப்பம்பால் எண்ணெய் அடிப்பது, இவ்வளவுதான் வேலை.

முதல் நாள் மெனேஜர் தேவராஜ் ஓர் ஆங்கில ஃபோர்மைக் கையில் தந்தார். இடப்பக்கம் வேலையின் பெயர், நடுவில் அதைச் செய்பவரின் பெயர், கடைசியில் ஒரு சின்னப் பெட்டி.

"சிவலிங்கம், காலையில வந்த உடனே இதுல செக் போட்டு வச்சிருங்க. கொழும்புல கேப்பாங்க."

"சரிங்க சேர். செக்ரோல் மாதிரிதானுங்களே?"

"ஆமா ஆமா, அதே மாதிரிதான்" என்றார். அப்போது அவர் காதில் போன் இருந்தது.

எண்ணெய் பார்க்கும் வேலைக்கு நேரே மெக்கானிக் சுனிலின் பெயர் இருந்தது. கினிகத்தேனைக்காரர், சிங்களவர், வேலையில் சுத்தம். தினமும் பீப்பாவின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் மணி மணியாக நிற்கும், அந்த எண்ணெயில் எஞ்சின் நின்றுவிடும். வட்டவளை மழைக்குப் பீப்பாவுக்குள் தண்ணீர் போவது பெரிய விஷயமில்லை. மூடியைச் சுற்றி ஒரு குவளைத் தண்ணீர் தேங்கினால் போதும், குளிருக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சுனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் அவர் பெயருக்கு நேரே செக் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகுதான் அவர் போத்தலைக் கையில் எடுப்பார். இரண்டு வருடம் இப்படியே நடந்தது. லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்துப் பெண்கள் மைதானத்து ஓரமாகப் போகும்போது கேலி செய்வார்கள்.

"என்னாங்க கணக்கப்புள்ள, ஹெலிக்கும் பெரட்டு வச்சிட்டீங்களாமே? லேட்டா வந்தா அதையும் திருப்பி அனுப்பிடுவீங்களோ?"

"அது உங்கள மாதிரி இல்ல, நேரத்துக்கு வருது" என்பேன்.

2. நேரத்துக்கு முன் வந்த ஹெலி

அது நடந்த வாரம் முழுவதும் மழை. ஒரு காலை மட்டும் வெளுத்தது. சுனில் வந்தார், செக் போட்டேன். பம்புக் குழாயின் கிளிப் உடைந்திருந்தது. "ஹெலி ஒம்பதுக்குத்தானே, கினிகத்தேனைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்திர்றேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். போத்தல் கொட்டகைக்குள் கொளுக்கியில் தொங்கியது.

மேலே மறுபடி மேகம் கட்டும் என்று தெரிந்ததால் ஹெலி ஒரு மணி நேரம் முந்தி வந்துவிட்டது. ஓட்டியவர் கெப்டன் நிஹால். பங்களாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பெட்டியோடு வந்து நின்றார்கள். கெப்டன் வானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெல் செக் கரலாத?" என்று கேட்டார். எண்ணெயைப் பார்த்தாகிவிட்டதா என்று அர்த்தம்.

"செக் தாலா தியெனவா, சேர்" என்றேன். செக் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபோர்மையும் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு நான் பதிலும் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டி எண்ணெய் அடித்தேன். ஹெலி எழும்பியது. ஓடையைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. கத்தலோ வெடியோ இல்லை, சத்தம் மட்டும் இல்லாமல் போனது. தேயிலைச் சரிவில் போய் விழுந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடினார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்து, இரண்டை ஒன்றாகப் போட்டு, அதில் வைத்துத்தான் கெப்டனைத் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள். தம்பதிக்குச் சிராய்ப்போடு போயிற்று, கடவுள் புண்ணியம். கெப்டனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது.

எல்லோரும் போன பிறகு கொட்டகைக்குப் போய்ச் சுனிலின் போத்தலை எடுத்து அதே பீப்பாவிலிருந்து கொஞ்சம் பிடித்தேன். கால் போத்தலுக்குத் தண்ணீர் நின்றது.

3. பூ போட்டுப் பார்க்கப் போனது

மெனேஜரிடம் அன்றே சொன்னேன். அடுத்த நாள் பீப்பாவைக் காணவில்லை. ஹெலியின் டாங்கியில் இருந்ததெல்லாம் மண்ணில் ஊறிவிட்டது. சுனிலுக்கு ஏற்கெனவே கட்டாரில் வேலை சரியாகியிருந்தது. அவரும் போய்விட்டார். மிஞ்சியது என் ஃபோர்ம் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் நாட்டில் வேறு இடங்களிலும் சின்ன விமானங்கள் விழுந்து பேச்சாகியிருந்தது. பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழு போட்டு, ஏன் இப்படி நடக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கியது. எனக்கும் சாட்சி சொல்ல வரும்படி கடிதம் வந்தது. கடிதம் வந்த மறுநாள் மெனேஜர் வீட்டுக்கு வந்தார்.

"உங்க பேப்பர்தான் சிவலிங்கம் கம்பெனிய காப்பாத்துது. எண்ணெய் நல்லாத்தான் இருந்திச்சுன்னு அதுல தெளிவா இருக்கு. அப்ப தப்பு ஓட்டினவர் மேலதானே?"

"எண்ணெய யாரும் பாக்கலீங்களே சேர். சுனில் கடைக்குல்ல போயிருந்தாரு."

"பின்ன செக் போட்டிருக்கீங்களே?"

"அது சுனில் வேலைக்கு வந்ததுக்குங்க."

 "நீங்க என்ன நெனச்சுப் போட்டீங்கன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. செக் போட்டேன்னு சொல்லுங்க. அது உண்மதானே? அதோட நிறுத்திக்கங்க" என்றார்.

கெப்டனின் அனுமதிப்பத்திரத்தை அப்போதே நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்தான் பிழையாக ஓட்டினார் என்று குழு முடிவு செய்தால், ஜென்மத்துக்கும் அவர் விமானம் ஓட்ட முடியாது. அவருக்கு அதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

எனக்குத் தூக்கம் போயிற்று. கோயில் பூசாரியிடம் சொல்லி அம்மன் முன்னால் பூ போட்டுப் பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை வேட்டி மாற்றினேன். என் மனைவி சரஸ்வதி மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பூ போட்டுப் பாக்கப் போறேன். சொல்லலாமா வேணாமான்னு."

"வெள்ளப் பூ வந்தா?"

"உள்ளத சொல்லிடுவேன்."

"செவப்புப் பூ வந்தா ஆத்தாவே பொய் சொல்லச் சொல்லிட்டான்னு சொல்லுவீங்களோ? நல்லா இருக்குங்க. போட்ட கோடு உங்க கோடு. அதுக்கு அவள எதுக்கு சாட்சிக்கு இழுக்கிறீங்க?"

நான் கோயிலுக்குப் போனேன். பூ போடவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

4. தெரிவுக்குழு அறை

ஹட்டனில் ரயில் ஏறினேன். பாராளுமன்ற வாசலில் போனை வாங்கிக்கொண்டு ஓர் அட்டையைக் கழுத்தில் போட்டார்கள். அறை குளிராக இருந்தது, எங்கள் ஊர்க் குளிர் இல்லை, பெட்டிக்குள் வைத்த குளிர். வளைந்த மேசையைச் சுற்றி உறுப்பினர்கள். ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீலோடு மெனேஜர். சுவர் ஓரம் ஊன்றுகோலோடு கெப்டன் நிஹால். என் பக்கத்தில் உரைபெயர்ப்பாளர் அம்மா ஒருவர்.

தவிசாளர் சிங்களத்தில் கேட்டார். அந்த அம்மா தமிழில் சொன்னார்: "அன்று காலை எரிபொருள் தொடர்பாக நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"சுனில் வந்ததும் செக் போட்டேனுங்க" என்றேன்.

அந்த அம்மா மைக்கில், "ஒஹு தெல் பரீக்ஷா களா" என்றார். இவர் எண்ணெயைப் பரிசோதித்தார் என்று பொருள். அவர்மேல் குற்றமில்லை. கொழும்பில் செக் என்றால் அதுதான் அர்த்தம், தோட்டத்துச் செக்ரோலை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? தவிசாளர் "ஹொந்தை", நல்லது என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். மெனேஜர் பேனாவை மூடினார்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் உண்மையைத்தான் சொன்னேன். அது பொய்யாகப் போய்ச் சேர்ந்ததை என் காதாலேயே கேட்டேன். எழுந்து போயிருக்கலாம். அம்மன் கேட்டால்கூட, நான் சரியாகத்தானே சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு வசதியாக ஒரு பொய் என் வாழ்க்கையில் வந்ததில்லை. கால் எழும்பவும் பார்த்தது.

கையைத் தூக்கினேன். மைக் அணைந்துவிட்டது. சத்தமாகவே சிங்களத்தில் சொன்னேன்: "சேர், மம செக் களே நெஹே. மம செக் தெம்மா." நான் செக் பண்ணவில்லை, செக் போட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று ஓர் உறுப்பினர் சிரித்தார்.

மலைநாட்டு உறுப்பினர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, நீங்க கணக்கப்புள்ளயா இருந்தீங்களா?" என்று தமிழில் கேட்டார்.

"பத்தொன்பது வருசங்க."

"அப்ப பெரட்டுல பேருக்குப் போடுவீங்களே, அந்தச் செக்கா?"

"அதேதானுங்க. ஆள் வந்ததுக்கு. எண்ணெய் பாத்ததுக்கு இல்லீங்க. அன்னிக்கு எண்ணெய யாருமே பாக்கல. பொறவு நான் போத்தல்ல புடிச்சேன், கால் போத்தல் தண்ணி."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. தன் முந்தைய வாக்கியத்தைத் திருத்துவதாகச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பெயர்த்தார். சிரித்த உறுப்பினர் இப்போது கோபமாக, "இரண்டு வருடமும் எல்லா ஃபோர்மும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எல்லாமே இப்படித்தானுங்க."

தவிசாளர் மெனேஜரைப் பார்த்து, இந்தப் படிவம் எந்த மொழியில் இருக்கிறது, இவருக்கு யார் விளங்கப்படுத்தினார்கள் என்று கேட்டார். மெனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஃபோர்மைப் பார்த்தார்.

5. வெளி வராந்தாவில்

வெளியே வந்து, கெப்டனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன்.  நான் வாய் திறக்குமுன் அவர் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் பேசினார்.

"சிவலிங்கம், நானும் பேப்பர் பாத்தேன். போத்தல் பாக்கல."

 எங்களுக்குள் பேச இருந்தது அவ்வளவுதான்.

கம்பெனி என்னை அந்த வாரமே நிறுத்தியது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நியாயமில்லை என்றும் சொல்ல மாட்டேன். குழுவின் அறிக்கை பல மாதம் கழித்து வந்தது. எண்ணெய் பார்க்கும் படிவம் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும், அதில் கோடு போடக் கூடாது, பார்த்தவர் கண்ணால் கண்டதை எழுதி நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும், ஓட்டுபவரும் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். கெப்டன்மேல் வைத்த பழியை நீக்கினார்கள். அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்தது. கால் முழுதாகச் சரியாகாததால் இப்போது அவர் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறார் என்று கேள்வி.

பிள்ளைகளே, புது வேலைக்குப் போனால் அங்கே புழங்கும் சொல்லுக்கு உங்கள் பழைய வேலையின் அர்த்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். தெரிந்த சொல்லாக இருந்தால்தான் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்குத் தெரியாத சொல்லாக இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன்.

இன்னும் ஒன்று. அன்று அறையில் பேசிய எல்லாம் சொன்ன வரிசைப்படியே அச்சில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நான் எண்ணெயைப் பரிசோதித்தேன் என்று வரும். திருத்தம் அடுத்த பக்கத்தில்தான் வரும். முதல் பக்கத்தோடு நிறுத்தியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். என்மேல் உள்ள பாசத்தில், "சிவலிங்கம் பாத்துட்டுத்தான் ஊத்துனாரு, அந்த கெப்டன்தான் விழுத்திட்டான்" என்று தேநீர்க் கடையில் இன்றும் சொல்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் எனக்காக இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். சிவலிங்கம் செக் போட்டான், எண்ணெயைப் பார்க்கவில்லை. அப்படியே சொல்லுங்கள்.