மிச்சமான பித்தளை வளையம்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் சிவசங்கரனிடம் எதையும் பழுது பார்க்கக் கொடுக்கக் கூடாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கொடுக்காவிட்டாலும் அவரே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்பதுதான் தொல்லை. என் வீட்டு மேஜை விசிறியை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்த விசிறி இன்றுவரை சுவரைப் பார்த்து மட்டுமே வீசுகிறது. போய்க் கேட்டேன். "சுவத்துல தட்டித் திரும்பி வர காத்தாக்கும் ஒடம்புக்கு நல்லது. நேரா வீசினா ஜலதோஷம் பிடிக்கும், கேட்டேளா?" என்றார். மனுஷனை என்ன செய்வது?

வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் அவருக்கு உத்தியோகம். வந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்க வேண்டும். குறைந்தால் வழியில் எவனோ எடுத்துவிட்டான். கூடினால் அனுப்பியவன் தப்பாக ஏற்றிவிட்டான். எப்படிப் பார்த்தாலும் சரிபார்க்கிறவர் மேல் தப்பில்லை. இந்த நியாயத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எதையாவது கழற்றி மாட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சமானால் அது கம்பெனிக்காரன் அதிகமாக வைத்தது. இப்படி மிச்சமானதையெல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாட்டிலை ஒளித்து வைப்பார்கள். இவர் வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டுவார்.

அவருடைய பைக்கை எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. மெக்கானிக் என்றாலே திருடன் என்பது அவர் கட்சி. வண்டியில் மிச்சமாகிறவை மட்டும் பாட்டிலுக்குள் போகாது, சட்டைப் பைக்குள் போகும். காரணம் அவர் மனைவி லோகாம்பாள். ஒருமுறை அவர் கைவைத்த மறுநாள், தோப்பும்படிப் பாலத்தின் மேல் பின்சீட்டு தனியாகக் கழன்று, அந்த அம்மாள் சீட்டும் கையுமாக நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "இனிமே ஒரு சாமான் மிச்சமாச்சுன்னு தெரிஞ்சா நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றாள். அதிகம் பேசாதவள். ஆகவே சொன்னால் சொன்னதுதான்.

லோகாம்பாள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னால் சுதீர் என்ற பையன் படகுத்துறைக்குப் பக்கத்தில் தோசைக்கடை போடப்போகிறேன் என்று வந்தான். விஜயதசமிக்கு மறுநாள் காலை திறப்பு. "சேச்சி, ஆத்ய தெவசம், மொத நாளு, உங்க மாவு. நல்லா இருந்தா தெனமும் உங்ககிட்ட தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் பேர் சொல்கிற மாதிரி நடந்த காரியமெல்லாம் சிவசங்கரனுடையது என்று சிவசங்கரனே சொல்லிக்கொண்டிருந்தார். இது தன்னுடையது என்று லோகாம்பாளுக்கு ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை.

கேரளத்தில் குடியேறிவிட்ட எங்களவர்களுக்கு அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. புஸ்தகம், ஆயுதம், வாகனம் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டிட்டு சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அன்று மத்தியானம் சிவசங்கரன் வாசலில் பழைய பேப்பரை விரித்து வண்டியைக் கழற்றினார். அதே பேப்பரின் மறுகோடியில் லோகாம்பாள் தன் பெரிய கிரைண்டரின் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தாள். "உங்க சாமானை என் பக்கம் தள்ளாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து தன் சாமான்களை மொத்தமாக அள்ளி ஓர் அடுக்குப் பாத்திரத்தில் போட்டு, பூட்டாமலே பூஜையில் வைத்தாள். விளக்கேற்ற நேரம் நெருங்கிவிட்டதே என்று பறக்கப் பறக்க வண்டியைப் பூட்டி முடித்த சிவசங்கரன் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார். பேப்பரில் அவர் பக்கமாகப் பளபளவென்று ஒரு பித்தளை வளையம் மிச்சமிருந்தது. இடமும் வலமும் பார்த்தார். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வளையத்தில் சந்தனப் பொட்டு இருந்ததே, அதைப் பார்த்தாவது சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 'என் வண்டிச் சாமானுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள், பதிபக்தி உள்ளவள்' என்று நினைத்து உருகினாராம்.

மறுநாள் ஸ்பேனரைத் தொட முடியாது. அதனால் வளையத்தோடு தெருவில் இறங்கினார். ரிட்டயரான சயன்ஸ் வாத்தியார் வெங்கிடேஸ்வரன் கண்ணாடியைத் தூக்கி, "இது எஞ்ஜின் சூட்டைத் தணிக்கற வளையமாக்கும்" என்றார். சாயாக்கடையில் ஒருவர் கியர் என்றார், இன்னொருவர் பிரேக் என்றார். நானும் என் விசிறியை நினைத்துக்கொண்டு, "சைலன்ஸர் உள்ள எங்கேயோ பார்த்த ஞாபகம்" என்று அடித்துவிட்டேன். எங்கள் தெருவில் தெரியாது என்று சொல்கிற வழக்கம் கிடையாது. கோயில் குருக்கள்வரை எல்லோரும் அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தாயிற்று. லோகாம்பாள் தலை தெரிந்தால் மட்டும் அது பைக்குள் போய்விடும்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்த கையோடு, தட்டில் பரப்பிய அரிசியில் ஹரிஸ்ரீ எழுதின விரலிலிருந்து அரிசி உதிர்வதற்குள், சிவசங்கரன் ஸ்பேனரோடு வாசலுக்கு வந்துவிட்டார். வண்டியில் பொருந்தும் இடத்திலும் பொருந்தாத இடத்திலும் வளையத்தை வைத்துப் பார்த்தார். கடைசியில், பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைக்கும் பலகையின் போல்ட்டில் அது கச்சிதமாக ஏறியது. அந்தப் பலகை வாங்கின நாளிலிருந்து லொடலொடவென்று ஆடும். இப்போது அசையவில்லை. "கம்பெனிக்காரனுக்கே தெரியாத எடம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். வெங்கிடேஸ்வரன் தன் வாசலிலிருந்து கையைத் தட்டினார்.

உள்ளே லோகாம்பாள் கிரைண்டரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அரிசியும் உளுந்தும் விடியற்காலையிலேயே ஊறப்போட்டாகிவிட்டது. குழவிக்கல்லின் தண்டில் மாட்டுகிற வளையத்தைக் காணோம். அது இல்லாவிட்டால் கல் ஒரு பக்கம் சாய்ந்து பாத்திரத்தை உரசும், ஒரு பிடி அரிசிகூட அரைபடாது. அடுக்கைக் கவிழ்த்தாள், பூஜை அறையைப் பெருக்கினாள், குப்பையைக் கிளறினாள். அத்தனை மாவை மிக்ஸியில் அரைத்துத் தீராது, பக்கத்து வீடுகளில் இருப்பதெல்லாம் கைக்கடக்கமான கிரைண்டர். பாவம், அழுதுவிடுகிற நிலையில் வாசலுக்கு வந்து, "ஏன்னா, என் கிரைண்டர்ல ஒரு சாமானைக் காணலை" என்றாள்.

சிவசங்கரன் வெற்றிக் களிப்பில் இருந்தார். என்ன சாமான் என்று கேட்கக்கூட இல்லை. "எறணாகுளம் பிராட்வேயில கிட்டாத சாமானா? பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லை. ஏறு வண்டியில."

"வண்டியில ஒண்ணும் மிச்சமாகலையே?"

"ஒண்ணுகூட மிச்சமில்லை!"

அவர் தன் வண்டியைப் பற்றிச் சொன்ன உண்மை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பாலங்களைத் தாண்டிப் போகும்போது லோகாம்பாள் காலை அழுத்தி வைத்துப் பார்த்து, "பலகை இப்போ ஆடலையே. நன்னாப் பண்ணியிருக்கேள்" என்றாளாம். மனைவி வாயால் அப்படி ஒரு வார்த்தையை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. எறணாகுளம் வரை ஹாரன் அடிக்கும் இடத்தில்கூடச் சிரித்துக்கொண்டே போனார்.

பிராட்வேயில் கிரைண்டர், மிக்ஸி சாமான் விற்கிற பாண்டியராஜன் ராஜபாளையம் பக்கத்து ஆள். லோகாம்பாள் விவரம் சொன்னதும் ஒரு வளையத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். "இந்த மாதிரிதான் இருக்கும்க்கா. ஆனா உங்க மாடலுக்கு இதவிடப் பெருசு, இதவிடத் தடிமன், சுத்தப் பித்தளை. அது இப்ப வர்றதே இல்லக்கா."

சிவசங்கரன் அந்த வளையத்தைப் பார்த்தார். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தார். சயன்ஸ் வாத்தியார், சாயாக்கடை, குருக்கள், நான் என்று ஒரு தெருவே அவர் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். பிறகு அவர் செய்ததுதான் அநியாயம். உண்மையைச் சொல்வதைவிட சுலபம் என்று, "போனாப் போறது லோகா. புதுக் கிரைண்டரே வாங்கிடலாம்" என்றார்.

லோகாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புதுக் கல்லுல மொதல்ல அரைக்கற மாவு நறநறன்னு கல்லுத்தூளாக்கும். கொட்டிக் கொட்டிப் பழக்கணும். சுதீர்க்கு அதையா கொடுக்கறது?" கடை வாசலிலேயே கண் நிறைந்துவிட்டது. "எனக்குன்னு ஒண்ணு வந்துது. அதுவும் இல்லைன்னு ஆயிடுத்து."

சிவசங்கரன் வெளியே போனார். கைவண்டிக்காரர்கள் திட்ட, ஸ்கூட்டர்கள் ஹாரன் அடிக்க, அந்த நெரிசலில் தரையில் உட்கார்ந்து பலகையின் போல்ட்டைக் கழற்றினார். திரும்பி வந்து வளையத்தை மனைவியின் கையில் வைத்தார். ஓரத்தில் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது எப்டிண்ணே அங்க போச்சு?" என்று பாண்டியராஜன் கேட்டார்.

"கம்பெனிக்காரன்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்த சிவசங்கரன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

லோகாம்பாள் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை யார் யார்ட்ட காமிச்சேள்?"

"தெருவுல... எல்லார்ட்டயும்."

"எங்கிட்ட ஒரு தடவை காமிச்சிருந்தாப் போறுமே" என்றாள்.

கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. வளையத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறி, ஆடுகிற பலகையில் காலை வைத்துக்கொண்டு வீடுவரை வந்தாள். வந்ததும் மாவு அரைபட்டது, நன்றாகப் பொங்கியது. சுதீர் கடை தோசையை நானும் போய்ச் சாப்பிட்டேன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றும் மாவு அந்த வீட்டிலிருந்துதான் போகிறது.

மாவு வாளியோடு ஆடுகிற பலகையில் கால் வைத்து உட்கார முடியாது என்று லோகாம்பாள் போன மாதம் வண்டியை மெக்கானிக்கிடம் விடச் சொல்லிவிட்டாள். சிவசங்கரனே தள்ளிக்கொண்டு போனார். என் கண்ணால் பார்த்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லோகாம்பாளுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றார். மெக்கானிக் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கடைசியில் ஒரு சின்ன நட்டை நீட்டினான். "சேட்டா, இது உள்ளே வெறுதே கிடந்தது. வண்டியுடெ அல்ல." உள்ளே சும்மா கிடந்தது, வண்டியுடையது இல்லை என்கிறான்.

சிவசங்கரனின் கை சட்டைப் பைவரை போய்விட்டது. அங்கேயே நின்றது. பிறகு திரும்பி, உள்ளங்கையை விரித்து மனைவியிடம் நீட்டினார்.

"லோகா, இது உன்னோடதா, பாரு."