கோஷ்-தாவின் குரங்குக் குல்லாய்

அன்றைய என் இளிப்பை நினைத்தால் இன்றும் எனக்கே அருவருப்பு. எங்கள் சால்ட் லேக் குடியிருப்பின் எதிர்வீட்டு வங்காளி அண்ணன் கோஷ்-தாவோடு இரண்டு குடும்பமுமாக மலைமேலுள்ள சிங்கலிலா தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். அவர் கழுத்துவரை மூடும் குரங்குக் குல்லாயோடு ரயிலேறினார்.

"ஊட்டியையே பாத்தவன்டி நான். இந்தக் கூத்தைப் பாரு!" என்று மனைவியிடம் சொல்லி, அவர் முகத்துக்கு முன்னாலேயே சிரித்தேன். மகளுக்கென்று அவள் எடுத்துவைத்த குல்லாயையும் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ராட்சத மரங்களைக் கடந்து மேடேறியதும் பனிமலை பளிச்சென்று தெரிந்தது. மகளோ குளிர்காற்று தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எங்கங்க உங்க ஊட்டி?" என்றாள் மனைவி.

கோஷ்-தா தன் குல்லாயைக் கழற்றி மகளுக்கு மாட்டி, "தேக்கோ மா!" என்று மலையைப் பார்க்கச் சொல்லிக் காட்டினார். அவருடைய வழுக்கைத் தலை காற்றில் சிவந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் பிள்ளை பிழைத்தது, என் வாய் பழித்த குல்லாயால்.