இடது கைத் துப்பாக்கியின் விலை

கடை விளம்பரப் பலகையில் அந்த விற்பனைச் சீட்டு செப்டம்பரிலிருந்து தொங்கியது. சக்கிமுக்கித் துப்பாக்கி, இடது கைக்கு, ஆயிரத்து அறுநூறு டாலர். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பென்சில்வேனியா மலைகளில், கல்பொறியில் சுடும் இந்தப் பழைய வகைத் துப்பாக்கிக்கு மட்டுமான மான்வேட்டை தொடங்கிவிடும். இடது கைக்காரியான ஆர்டித் கெஸ்லரிடம் இருந்ததோ வலது கைத் துப்பாக்கி. இடது தோளில் வைத்துச் சுட்டால் பொறி மூக்கருகே சீறும்.

பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் அவள். கணவன் விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது, மகள் அரிசோனாவில். விடுமுறை விட்ட மறுநாள் சீட்டிலிருந்த முகவரிக்குப் போனாள்.

ப்ரங்கார்ட் என்ற கிழவர், அவள் கதவைத் தட்டுமுன்பே திறந்தார். துப்பாக்கி சமையலறை மேசையில் விரித்த துண்டின்மேல் கிடந்தது. ஆர்டித் அதைத் தோளில் வைத்தாள். எந்தத் துப்பாக்கியின் அடிக்கட்டையும் அவளுக்கு நீளமாகத்தான் இருக்கும். இது அளவெடுத்ததுபோல் பொருந்தியது. திரும்பினால், கிழவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களோடதா?"

"நான் வலது கை. இது என் சம்சாரம் வில்டாவோடது."

துணி சுற்றிய கோலைக் குழலுக்குள் விட்டாள். அடியில் சொரசொரவென்று பிடித்தது. துணி செம்பழுப்பாக வெளியே வந்தது.

"உள்ள துரு தின்னிருக்கு. சுட்டுட்டுக் கழுவாம ரொம்ப நாள் கிடந்துச்சோ?"

அவர் துண்டின் ஓரத்தை நீவிவிட்டார்.

"அன்னிக்கு ஒரு மான் அடிச்சா. வந்ததும் குழலைக் கழுவறதுக்கு அடுப்புல தண்ணி வச்சா. அது கொதிக்கிறதுக்குள்ள விழுந்துட்டா. விழுந்தவ எழுந்திருக்கவே இல்ல. அப்புறம் துப்பாக்கிய யார் நினைச்சது? வசந்தத்துலதான் கையில எடுத்தேன்."

ஆர்டித் கோலை மேசையில் வைத்தாள். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் வில்டாவின் பொருளை இரக்கப்பட்டு வாங்குவதா?

"குழல் நல்லா இருந்தா நீங்க கேக்கற விலை சரி. இத உள்ள கடைஞ்சு சரி பண்ணணும். இடது கைன்னா வாங்கறதுக்கும் ஆள் கம்மி. ஆயிரத்து நூறு தரேன்."

கிழவர் முதல்முறையாகச் சிரித்தார். "வந்தவன் ஒருத்தனும் குழலுக்குள்ள பாக்கல. 'கண்ணாடியப் பாத்துச் செஞ்சாங்களா?'ன்னு கிண்டல் பண்ணிட்டுப் போனானுங்க. வில்டாவா இருந்தா ஆயிரத்துக்கு மேல ஒரு காசு தந்திருக்க மாட்டா."

"ஆயிரத்து நூறுதான்."

"அவள மாதிரியே பிடிவாதம்," என்று பணத்தையும் அவளுடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். "காபி போடட்டுமா? ஆப்பிள் கேக்கும் இருக்கு. கடையில வாங்கினதுதான்."

"இல்லைங்க, பனி வலுக்குது."

வெளியே ஒன்றிரண்டு துகள்தான் விழுந்துகொண்டிருந்தன. வண்டியில் ஏறிய பிறகுதான், தன்னை யாராவது உட்காரச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று உறைத்தது. திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது.

தெரிந்த ஒருவரிடம் குழலைக் கடைந்து வாங்கிக்கொண்டாள். வேட்டை தொடங்கி ஐந்தாறு நாளாகியும் மான் கண்ணில் படவில்லை. புத்தாண்டு காலையில் போன் அடித்தது.

"கிடைச்சுதா?" ப்ரங்கார்ட்தான்.

"ஒண்ணும் இல்ல."

அவர் போனை வைக்கவில்லை. வில்டா வழக்கமாக மானுக்குக் காத்து நின்ற இடத்துக்கு வழி சொன்னார்: வெட்டுமரம் இழுத்துப்போன பழைய பாதை, ஓடை இரண்டாகப் பிரியுமிடம், மேலே ஹெம்லாக் மரக்கூட்டம்.

"நீங்களும் வாங்களேன்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? மானெல்லாம் சிரிக்கும்."

இரண்டு நாள் கழித்து அந்த மரங்களுக்கடியில் ஒரு பெண்மான் வந்தது. கருமருந்துப் புகை கலைந்தபோது அது பனியில் கிடந்தது. ஆர்டித் சுற்றிலும் பார்த்தாள். "விழுந்துடுச்சு!" என்று கத்த வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். தனியாகவே அதைச் சாலைவரை இழுத்து வந்தாள்.

மறுநாள் நல்ல கறியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு ப்ரங்கார்டின் வீட்டுக்குப் போனாள். இம்முறை கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நேத்துதான் அவர் பையன் வந்து ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிட்டுப் போனான். போகவே மனசில்ல அவருக்கு. நீங்க சொந்தமா?"

"இல்லைங்க. அவர்கிட்ட ஒரு துப்பாக்கி வாங்கினேன்."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி பனியை வாரத் தொடங்கினார்.

"மான் கறி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் ஆர்டித்.