கம்ப்யூட்டரும் கேட்கிறது, நான் எந்த ஊர்க்காரன் என்று

அமெரிக்காவில், காலையில் லேபுக்குள் நுழைந்து பனி ஒட்டிய பூட்ஸைத் தட்டிவிட்டதும் என் முதல் வேலை கம்ப்யூட்டரின் வாயைக் கிளறுவது. இன்டர்நெட் பக்கங்களைத் தானே படித்து, இவர் ஆசிரியர், இது ஊர், இன்னார் இங்கே இருக்கிறார் என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். கற்றதைத் திரையில் காட்டிச் சரியா, தவறா என்று கேட்கும். நான் பட்டனைத் தட்ட வேண்டும். நேற்று ஓர் ஏரியைப் புரொபசராக்கி வைத்திருந்தது. கிணத்துக்கடவு என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரைப் பற்றி அது படிக்கிற பக்கங்களில் ஒரு வரியாவது இருந்தால்தானே!

என் படிப்பு முடியப்போகிறது. இன்னும் சில வருஷம் இங்கேயே இருக்கிறாயா என்று போன வாரம் என் புரொபசர் கேட்டார். பார்க்கலாம் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தேன். சத்தியமாக, மாட்டேன் என்றுதான் சொன்னேன்! எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே முடியாது என்று யார் சொல்வார்கள்? நான் கோயமுத்தூர் பீளமேட்டில் காலேஜ் படித்தபோது, ஒருவர் தன் மகளுக்கு என்னைக் கேட்டு வந்தார். "அதுக்கென்னுங்க, பாக்கலாமுங்க" என்றார் அப்பா. வந்தவர் இளநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுபடி அந்தப் பேச்சே இல்லை, மனஸ்தாபமும் இல்லை.

புரொபசரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் இங்கேயே தொடர்கிறேன் என்று அன்றைக்கே லேபின் இன்டர்நெட் பக்கத்தில் போட்டும்விட்டார். இதை இனி எப்படி மறுப்பது என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கண்ணு, உனக்குன்னு மேல ஒரு ரூம் கட்டறோம். ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கோணும்னு மேஸ்திரி கேக்கறாரு. படிப்பு முடிஞ்சதும் ஊட்டுக்கு வந்துருவீல்ல?"

வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பாக்கலாமுங்மா" என்று வந்தது. எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அம்மா எங்கள் ஊர்க்காரி ஆயிற்றே.

"செரி கண்ணு. அந்த ரூம்ல தேங்காயப் போட்டு வெச்சுக்கறோம். அதுக்கெதுக்கு ஜன்னலு? ஒடம்பப் பாத்துக்க."

இன்று காலை, லேபின் பக்கத்தைக் கம்ப்யூட்டர் படித்திருக்கிறது. என் பெயரைப் போட்டு, இவன் இந்த ஊர்க்காரன், சரியா, தவறா என்று கேட்கிறது. புரொபசர் என்னை இங்கே இருத்திக்கொண்டார். அம்மா என்னை இங்கேயே விட்டுவிட்டாள். நான் எதை நினைத்து எதைச் சொன்னேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. விரலைப் பட்டனுக்கு மேலே வைத்தபடி, மேஸ்திரி ஜன்னல் வைக்காமலே சுவரை எழுப்பியிருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.